இந்தச் சிலந்தி ஏன் இங்கே மட்டும்? பரவலைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சிலந்திகளைக் கவனிக்கத் தொடங்கிய எவருக்கும் சில மாதங்களில் ஒரு கேள்வி வந்துவிடும். படம் எடுத்தாயிற்று, பெயரும் கண்டுபிடித்தாயிற்று. ஆனால் இது ஏன் இங்கே இருக்கிறது? மலைக்கு அந்தப் பக்கம், கடலுக்கு அக்கரையில் ஏன் இல்லை? எனக்கு இந்தக் கேள்விதான் பெயர் கண்டுபிடிப்பதைவிடப் பெரிய ஈர்ப்பாக மாறியது. இதற்கு விடை தேட ஆய்வுக்கூடம் தேவையில்லை. பொறுமையும், ஒரு கணினியும், வெளியே போய் உட்கார்ந்து பார்க்கும் பழக்கமும் போதும்.

விடை எப்போதும் இரண்டு கேள்விகளின் நடுவே இருக்கிறது. இந்தச் சிலந்தியால் அங்கே போய்ச் சேர முடியுமா? சேர்ந்தால் அங்கே பிழைத்து முட்டையிட முடியுமா? முதலாவது பரவும் திறனைப் பற்றியது, இரண்டாவது தட்பவெப்பத்தைப் பற்றியது. இவற்றுக்கு முன்பாக, புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிற கேள்வி ஒன்றும் உண்டு: அங்கே யாராவது தேடினார்களா?

முதல் படி: ஒரே ஓர் இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

உலகில் பெயரிடப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022 ஏப்ரலில் 50,000-ஐத் தாண்டியது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகச் சிலந்திப் பட்டியல்தான் இந்தக் கணக்கை வைத்திருக்கிறது. அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் சிலந்தியின் இன்றைய ஏற்கப்பட்ட பெயரையும் பழைய பெயர்களையும் முதலில் அதில் பாருங்கள். ஒரே சிலந்திக்கு மூன்று பழைய பெயர்கள் இருந்தால் அதன் பதிவுகளும் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும்.

தொடக்கத்துக்கு, புகைப்படத்திலேயே ஐயமின்றி அடையாளம் காணக்கூடிய பெரிய வலைச்சிலந்தி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நுண்ணோக்கியில் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால்தான் பெயர் சொல்ல முடியும் என்ற வகைகள் முதல் முயற்சிக்கு வேண்டாம். தவறான பெயர் வரைபடத்தில் ஒரு பொய்ப் புள்ளியாக உட்கார்ந்துவிடும், பிறகு நீங்கள் அந்தப் புள்ளிக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளப்போவது குளவிச் சிலந்தி எனப்படும் ஆர்கியோப் புரூனிகி. மஞ்சள், வெள்ளை, கறுப்புப் பட்டைகளோடு, வலையின் நடுவில் வளைந்து வளைந்து செல்லும் வெண்பட்டு வரியோடு இருக்கும். ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் வரை வாழ்கிறது.

இரண்டாம் படி: புள்ளிகளைச் சலியுங்கள்

உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டி இலவசமாகத் தரும் ஜிபிஐஎஃப் தளத்தில் அருங்காட்சியக மாதிரிகளும் மக்கள் பதிவுகளும் சேர்ந்து கிடைக்கும். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் புகைப்படத்தையே திறந்து பார்க்கலாம். இரண்டிலிருந்தும் பதிவுகளை இறக்கிக்கொண்டு, கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் வரைபடமாகப் போடுங்கள்.

அடுத்து சலிப்பு. அட்லாண்டிக் கடலில் சரியாகப் பூஜ்யம் அட்சரேகை, பூஜ்யம் தீர்க்கரேகையில் ஒரு சிலந்தி உட்கார்ந்திருக்கும். யாரோ இடத்தை நிரப்பாமல் விட்டதன் விளைவு அது. ஒரு நாட்டின் நட்டநடுவில் பத்துப் பதிவுகள் ஒரே புள்ளியில் குவிந்திருக்கும். இடம் தெரியாதபோது நாட்டின் மையத்தை எழுதிவிடுகிற வழக்கம் உண்டு. துறைமுகக் கிடங்கு, கண்ணாடிக் கூடம், பழப்பெட்டி என்று குறிப்பில் எழுதியிருந்தால் அதைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அது பொய்யான பதிவு இல்லை, ஆனால் அந்தச் சிலந்தி அங்கே வாழ்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

சலித்த பிறகு செய்யவேண்டிய ஒரு வேலையை நான் தாமதமாகத்தான் கற்றேன். ஒரு சிலந்தியின் புள்ளிகள் கிழக்கே ஒரு கோட்டில் சட்டென்று நின்றுவிட்டதைக் கண்டு, மழையளவுதான் காரணம் என்று முடிவுகட்டி, இரண்டு வாரம் மழை வரைபடங்களோடு போராடினேன். பிறகு அதே பகுதியில் பதிவான எல்லாச் சிலந்திகளையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாமே அதே கோட்டில் நின்றன. சாலை அங்கே முடிகிறது, படம் எடுப்பவர்கள் அதற்கு மேல் போகவில்லை. ஆகவே உங்கள் சிலந்தியின் புள்ளிகளுக்கு அடியில் மற்ற எல்லாச் சிலந்திகளின் புள்ளிகளையும் மங்கலாகப் போடுங்கள். மற்றவை நிறைய இருந்து உங்களுடையது மட்டும் இல்லாத இடம்தான் பொருளுள்ள வெற்றிடம். எதுவுமே இல்லாத இடம் யாரும் தேடாத இடம்.

மூன்றாம் படி: அது எப்படிப் பயணிக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள். என் கணிப்பில், பரவலைப் பற்றிய தவறான விளக்கங்களில் பாதி, சிலந்தி எப்படி நகர்கிறது என்று பார்க்காமலேயே எழுதப்பட்டவை.

சிலந்திக்கு இறக்கை இல்லை. ஆனாலும் பறக்கிறது. குளிர்ந்த, ஈரமான சில நாள்களுக்குப் பிறகு வெயில் எட்டிப்பார்க்கும் ஒரு காலையில், காற்று மெல்ல வீசும்போது, வேலிக்கம்பம் ஒன்றின் உச்சியைக் கண்மட்டத்தில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். கடுகைவிடச் சிறிய குஞ்சு ஒன்று ஏறி வரும். உச்சிக்கு வந்ததும் நிற்கும். முன்கால் ஒன்றைத் தூக்கிக் காற்றை அளப்பதுபோல் சில நொடிகள் வைத்திருக்கும். பிறகு எட்டுக் கால்களையும் நிமிர்த்தி நுனிக்காலில் நின்று, வயிற்றை வானத்தை நோக்கி உயர்த்தும். இழை உங்கள் கண்ணுக்குத் தெரியாது, வெயில் சாய்வாகப் பட்டால் ஒரு கணம் மின்னும். அடுத்த கணம் கம்பத்தின் மேல் சிலந்தி இருக்காது. முதல்முறை பார்த்தபோது அது கீழே விழுந்துவிட்டதென்று நினைத்துத் தரையில் தேடினேன்.

நண்டுச் சிலந்திகளை வைத்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று இந்த இழைகளை அளந்தது. ஐம்பது அறுபது இழைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 நானோமீட்டர் தடிமன், சராசரியாக 3 மீட்டர் நீளம். காற்று நொடிக்கு 3 மீட்டருக்குக் குறைவாக இருக்கும்போதுதான் அவை கிளம்பின. பலத்த காற்றில் சிலந்தி பறக்கும் என்று நாம் நினைப்போம். உண்மையில் மென்காற்றுதான் அதற்கு வேண்டும். அதே ஆண்டில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை நடந்தது. காற்றே அசையாத பெட்டிக்குள் மின்புலத்தை மட்டும் இயக்கியபோது சிலந்திகள் நுனிக்காலில் எழுந்தன. சில மேலே கிளம்பவும் செய்தன. வளிமண்டலத்தில் எப்போதும் இருக்கிற மின்புலமும் பயணத்துக்கு உதவக்கூடும் என்பது இதிலிருந்து தெரிந்தது.

எவ்வளவு தூரம் போகும்? பெரும்பாலானவை சில மீட்டர், சில நூறு மீட்டர். ஆனால் பரவல் வரைபடத்தை மாற்றுவது அரிதாக நடக்கும் நெடும்பயணங்கள்தான். 1832-இல் தென் அமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி நின்ற பீகிள் கப்பலின் கயிறுகளில் சிறு செந்நிறச் சிலந்திகள் வந்து இறங்கியதை டார்வின் குறித்து வைத்தார். விமானத்தில் வலை கட்டிப் பூச்சிகளைப் பிடித்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் ஒரு சிலந்தி சிக்கியது. 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்துத் தீவில் உயிரெல்லாம் அழிந்தது. ஒன்பது மாதம் கழித்து அங்கே இறங்கிய குழுவைச் சேர்ந்த எட்மான் கோத்தோ, கண்ணில் பட்ட ஒரே உயிரைப் பற்றி எழுதினார். அது மிகச் சிறிய ஒரு சிலந்தி, வலை பின்னிக்கொண்டிருந்தது.

தண்ணீரில் விழுந்தாலும் கதை முடிவதில்லை. பறக்கும் வகைகளில் பல, நீர்ப்பரப்பில் கால்களையோ வயிற்றையோ பாய்மரம்போல் உயர்த்திக் காற்றோடு நழுவிச் செல்கின்றன. நிற்க வேண்டுமானால் இழையை நங்கூரமாக விடுகின்றன. இதுவும் சோதனையில் பார்த்துப் பதிவு செய்ததுதான்.

இனி மறுமுனை. மேற்கு ஆஸ்திரேலியாவில் சிலந்தி ஆய்வாளர் பார்பரா யார்க் மெயின் 1974-இல் தொடங்கிய ஆய்வில் எண் 16 என்று குறிக்கப்பட்ட கதவுச் சிலந்தி ஒன்று இருந்தது. மண்ணில் வளை தோண்டி, மேலே பட்டும் மண்ணும் சேர்த்துக் கதவு போட்டு வாழும் வகை. 2016-இல் இறந்ததாகக் கண்டறியப்பட்டபோது அதற்கு வயது 43. அத்தனை ஆண்டுகளும் அதே வளை. இப்படிப்பட்ட சிலந்தியின் குஞ்சுகள் தாயின் வளைக்கு அருகிலேயே நடந்துபோய்த் தம் வளையைத் தோண்டுகின்றன. ஓர் ஆறு, ஒரு பாறைத்தொடர் போதும், அதன் எல்லை அங்கே நின்றுவிடும். வரைபடத்தில் கையளவு இடத்துக்குள் முழு இனமும் அடங்கியிருந்தால், முதலில் இந்த வகையா என்று பாருங்கள்.

குடும்பத்தை வைத்து மட்டும் தீர்ப்பளிக்க வேண்டாம். வளைச் சிலந்திகளிலும் மிசுலேனா போன்ற சிலவற்றின் குஞ்சுகள் இழைவிட்டுப் பறக்கின்றன. வாழிடத்தையும் பாருங்கள். ஒரே வகையான இடத்தில் மட்டும் வாழப் பழகிய இனங்கள் பறக்க முயல்வதே குறைவு. மணற்குன்றில் மட்டும் பிழைக்கும் சிலந்தி கண்ணை மூடிக்கொண்டு காற்றில் குதித்தால், மணற்குன்றில் போய் இறங்கும் வாய்ப்பு எத்தனை? துணிந்து பறந்தவை வழிவழியாக அழிந்து, இருந்த இடத்தில் இருந்தவை மிஞ்சின.

நான்காம் படி: தட்பவெப்பத்தை மாதம் மாதமாகப் பாருங்கள்

புதியவர்கள் செய்வது ஆண்டுச் சராசரி வெப்பநிலையை எடுத்து வரைபடத்தில் போடுவது. எந்தச் சிலந்தியும் சராசரியில் வாழ்வதில்லை. எந்த மாதத்தில் அது முட்டை, எந்த மாதத்தில் குஞ்சு, எந்த மாதத்தில் வளர்ந்த பெண் என்று ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பருவமும் எதைத் தாங்க வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள்.

குளவிச் சிலந்திக்குப் போட்டுப் பார்ப்போம். கோடையின் பிற்பகுதியில் பெண், குடம்போன்ற பழுப்பு முட்டைப்பை ஒன்றைப் புல்லுக்கு நடுவே கட்டுகிறது. வெளியே காகிதம்போன்ற தோல், உள்ளே பஞ்சுபோன்ற பழுப்புப் பட்டு, அதற்குள் முட்டைகள். இலையுதிர்காலத்தில் குஞ்சுகள் பொரிந்தாலும் வெளியே வருவதில்லை. பனிக்காலம் முழுவதும் பைக்குள்ளேயே இருந்து, வசந்தத்தில் வெளியேறுகின்றன. அப்படியானால் இதன் வடஎல்லையைத் தீர்மானிக்கக்கூடியவை இரண்டு: பைக்குள் இருக்கும் குஞ்சு தாங்க வேண்டிய கடுங்குளிர், பெண் முதிர்ந்து முட்டையிட்டு முடிக்கப் போதுமான நீளமுள்ள கோடை. ஆண்டுச் சராசரி இந்த இரண்டில் எதையும் சொல்லாது.

வேர்ல்ட்கிளிம் என்ற தளத்தில் 1970 முதல் 2000 வரையிலான வெப்பநிலை, மழையளவு ஆகியவற்றின் சராசரி, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகக் கிடைக்கிறது. அதில் உயிரினங்களுக்குப் பொருந்துமாறு கணக்கிட்ட 19 மாறிகள், அதாவது மிகக் குளிர்ந்த மாதத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை போன்ற அளவுகள், உண்டு. பத்தொன்பதையும் மென்பொருளுக்குள் கொட்டாதீர்கள். உங்கள் பன்னிரண்டு கட்டத் தாள் சொல்கிற இரண்டு மூன்றை மட்டும் எடுங்கள். மேக்ஸ்என்ட் போன்ற மென்பொருள் அழகான வண்ண வரைபடம் தரும். அது சொல்வது தெரிந்த புள்ளிகளின் தட்பவெப்பத்தை ஒத்த இடங்கள் எவை என்பதை மட்டுமே. அங்கே சிலந்தி இருக்கிறது என்று அது சொல்லவில்லை.

மலைப்பகுதி என்றால் உயரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஒரே கட்டத்துக்குள் பள்ளத்தாக்கும் சிகரமும் இருந்தால் கட்டத்தின் எண் இரண்டுக்கும் பொருந்தாது.

இன்னொன்று: வானிலை நிலையத்தின் வெப்பமானி மனித உயரத்தில், நிழலில் இருக்கிறது. உங்கள் சிலந்தி கல்லுக்கடியில், சருகுக்குள், வளைக்குள் இருக்கிறது. ஒரு சிறு வெப்பமானியை நண்பகலில் வெறுந்தரையில் வைத்துப் பாருங்கள், பிறகு ஒரு சாண் ஆழத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு வேறு நாடுகள்போல இருக்கும். எவரெஸ்ட் சரிவுகளில் 6,700 மீட்டர் உயரம் வரை பதிவான இமயமலைத் தாவும் சிலந்தி, வெயில் சுடவைக்கும் கற்களுக்கு நடுவே வாழ்கிறது. காற்று அடித்துக்கொண்டு வரும் தாவரத் துகள்களைத் தின்னும் நுண்ணிய வால்துள்ளிப் பூச்சிகள்தான் அதற்கு இரை. சிகரத்தின் சராசரி வெப்பநிலையைப் பார்த்தவர், அங்கே சிலந்திக்கு இடமே இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

ஐந்தாம் படி: வெற்றிடங்களைப் பிரியுங்கள்

இப்போது உங்களிடம் இரண்டு தாள்கள் இருக்கின்றன: சலித்த புள்ளிகள், பொருந்தும் தட்பவெப்பம். ஒன்றன்மேல் ஒன்றை வையுங்கள். தட்பவெப்பம் பொருந்தி, நன்றாகத் தேடியும் சிலந்தி இல்லாத இடம் எங்கே? அங்கே ஒரு தடை இருக்கிறது. கடலா, பாலைநிலமா, மலைத்தொடரா என்று பாருங்கள். தட்பவெப்பம் பொருந்தாத இடத்தில் சிலந்தி இருந்தால், நீங்கள் தேர்ந்த மாறி தவறாக இருக்கலாம், அல்லது அந்தச் சிலந்தி கட்டடங்களுக்குள் ஒண்டி வாழலாம்.

சிலநேரம் இரண்டு விடையும் சேர்ந்தே சரி. அண்டார்டிகாக் கண்டத்தில் சிலந்திகள் வாழ்வதில்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள கடலில் சவுத் ஜார்ஜியா போன்ற தீவுகளில் வாழ்கின்றன. குளிர், கடல் இரண்டும் சேர்ந்து கட்டிய சுவர் அது.

தடைதான் காரணம் என்பதற்கு மிகத் தெளிவான சான்று, மனிதர் அந்தத் தடையைத் தாண்டவைக்கும்போது கிடைக்கிறது. ஜோரோ சிலந்தி ஜப்பான், கொரியா, சீனா, தைவான் பகுதிக்குரியது. 2014-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அது இருப்பது உறுதியானது. அதற்குப் பிறகு அண்டை மாநிலங்களுக்கும் பரவியது. அந்தத் தட்பவெப்பம் அதற்கு எப்போதோ ஏற்றதாகத்தான் இருந்தது, நடுவில் பசிபிக் கடல் கிடந்தது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் செம்முதுகுச் சிலந்தி 1995-இல் ஜப்பானின் ஒசாகாவில் கண்டுபிடிக்கப்பட்டதும் இதே வகை.

ஆறாம் படி: பழைய நிலப்படத்தைக் கேளுங்கள்

நெருங்கிய உறவினர் இருவர் பெருங்கடலின் இரு கரைகளில் இருந்தால், கண்டம் பிரிந்தபோது பிரிந்தார்களா, பிறகு கடல் கடந்தார்களா? இதற்கு ஒரே அளவுகோல் காலம். இனங்கள் பிரிந்த காலத்தையும் நிலம் பிரிந்த காலத்தையும் ஒப்பிட வேண்டும்.

தென் அமெரிக்காவின் சிகாரியஸ் மணற்சிலந்திகளும் ஆப்பிரிக்காவின் ஹெக்சாப்தால்மா சிலந்திகளும் உறவினர்கள். அவற்றின் பிரிவு, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்த பழைய கோண்டுவானா பெருநிலம் பிளந்த காலத்தோடு பொருந்துகிறது. ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் உள்ள மொக்ரிட்ஜியா கதவுச் சிலந்தியின் உறவினர்களோ ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். எல்லோரும் இதையும் கோண்டுவானா என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள், அது வளையை விட்டு நகராத வகையாயிற்றே. ஆனால் 2017-இல் வெளியான மரபணு ஆய்வு, பிரிவு 20 லட்சம் முதல் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் நடந்தது என்று காட்டியது. நிலங்கள் பிரிந்தது அதற்கும் பல கோடி ஆண்டுகள் முன்பு. ஆக, மண்ணோடும் செடியோடும் பெயர்ந்து மிதந்த திட்டு ஒன்றில் வளையோடு இந்தியப் பெருங்கடலைக் கடந்திருக்க வேண்டும். பறக்காத சிலந்தியும் கடல் கடக்கும், கோடி ஆண்டுகளில் ஒருமுறை நடந்தாலே போதும்.

எச்சரிக்கை ஒன்று. இன்று தெற்கில் மட்டும் இருப்பது எப்போதும் தெற்கில் மட்டும் இருந்தது என்று பொருளில்லை. நீண்ட கழுத்துபோல் தலை உயர்ந்த ஆர்க்கியிடே குடும்பச் சிலந்திகள் இன்று மடகாஸ்கர், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவில் வாழ்கின்றன. அவை முதலில் 1854-இல் வர்ணிக்கப்பட்டது பால்டிக் அம்பரில், அதாவது கல்லாய் இறுகிய பழைய மரப்பிசினில், உறைந்த புதைபடிவமாக. உயிரோடு இருப்பது பிறகுதான் தெரிந்தது. ஒருகாலத்தில் ஐரோப்பாவிலும் வாழ்ந்து அங்கே அழிந்துபோன கூட்டம் அது.

கடலடி எரிமலைகளால் உருவாகி எந்தக் கண்டத்தோடும் ஒட்டாத ஹவாய்த் தீவுகளுக்குச் சிலந்திகளின் மூதாதையர் எல்லாம் கடல் கடந்துதான் வந்தாக வேண்டும். அங்கே இயல்பாக வாழும் டெட்ராக்னாதா சிலந்திகளை உயிரியலாளர் ரோஸ்மேரி கில்லெஸ்பி பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். ஒரு கிளை வலை பின்னுவதையே விட்டு, இரவில் நடந்து வேட்டையாடுகிறது. கடல் தாண்டி வந்தவற்றின் வழித்தோன்றல்களில் பல இன்று ஒரே ஒரு தீவில் அடங்கியிருக்கின்றன.

ஏழாம் படி: எல்லை நகர்வதைக் கவனியுங்கள்

வேர்ல்ட்கிளிம் காட்டும் தட்பவெப்பம் கடந்த நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகளின் சராசரி. சிலந்திகள் இன்றைய வெயிலில் வாழ்கின்றன. ஆகவே பதிவுகளைப் பத்தாண்டு பத்தாண்டாகப் பிரித்து, வெவ்வேறு நிறத்தில் போடுங்கள்.

குளவிச் சிலந்திக்கு இப்படிப் போட்டால், மத்தியதரைக் கடலோரத்தை ஒட்டியிருந்த புள்ளிகள் நூறாண்டில் ஸ்காண்டிநேவியா வரை ஏறுவது தெரியும். வெப்பம் கூடியதும் சிலந்தி பின்தொடர்ந்தது என்று கதையை முடித்துவிடத் தோன்றும். 2013-இல் வந்த மரபணு ஆய்வு அதற்கு மேலும் சொன்னது. பரவலின்போது, நெடுங்காலம் பிரிந்திருந்த கிழக்குக் கூட்டங்களோடு கலப்பு நடந்திருக்கிறது. வடக்கில் உள்ளவை உடல் சிறுத்து, கூடுதல் குளிர் தாங்குபவையாக மாறியிருக்கின்றன. தட்பவெப்பம் வாசலைத் திறந்தது, குஞ்சுகள் பறந்து வந்து கலந்தன, கலந்ததில் பிறந்தவை முன்னோர் தாங்காத குளிரையும் தாங்கின. பரவலையும் தட்பவெப்பத்தையும் தனித்தனிப் பெட்டியில் வைக்கக்கூடாது என்று நான் புதியவர்களிடம் வற்புறுத்துவது இதனால்தான்.

எல்லை நகராமலும் மாற்றம் நடக்கும். வடகிழக்கு கிரீன்லாந்தின் சாக்கன்பெர்க் ஆய்வு நிலையத்தில் 1996 முதல் ஓநாய்ச் சிலந்திகளைச் சேகரித்து வருகிறார்கள். பனி முன்கூட்டியே உருகும் ஆண்டுகளில், ஒரு முட்டைப்பையோடு நிறுத்துவதற்குப் பதில் பல பெண்கள் இரண்டாவது பையும் இடுகின்றன. வரைபடத்தில் புள்ளி அதே இடத்தில்தான் இருக்கும்.

எட்டாம் படி: உங்கள் சொந்தக் குறிப்பேடு

தேதி, நேரம், வெப்பநிலை, காற்று, தரையிலிருந்து உயரம், குஞ்சா வளர்ந்ததா, முட்டைப்பை உண்டா என்பதை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். குஞ்சுகள் பறந்த நாள் என்றால் முந்தைய மூன்று நாள் வானிலையையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே இடத்துக்கு மாதம் ஒருமுறை போவது, புதிய புதிய இடங்களுக்கு ஒருமுறை போவதைவிட அதிகம் கற்றுத்தரும்.

பெரும்பாலானோர் விட்டுவிடும் ஒரு வரியையும் விடாமல் எழுதுங்கள்: எங்கே, எத்தனை நிமிடம், எந்தச் செடிகளில் தேடினீர்கள், அங்கே அந்தச் சிலந்தி இல்லை என்று. அருங்காட்சியகத்தில் மாதிரியாக வைக்க முடியாத பதிவு அது, புகைப்படமும் எடுக்க முடியாது. யாரோ ஒருவர் பிறகு வரைபடத்தைத் திறந்து, இந்த வெற்றிடம் உண்மையானதா என்று கேட்கும்போது, அவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே சான்று உங்கள் அந்த வரிதான்.